கப்பல் வந்த கவிதைகளை வாசிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

காலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வரும். பீத்தோவனின் மெட்டு ஒன்றைக் கீச்சுக் குரலில் போட்டபடி படலைக்கு முன்னால் வந்து நிற்கும். ஒரு றோஸ் பாணும் இரண்டு பணிசும் வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போதெல்லாம் எனக்கு ராஜாவலிய நினைவுக்கு வரும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொழும்புத் துறையில் இறங்கியபோது, அவர்களைக் கண்டவர்கள் கோட்டை இராச்சியத்து அரசனிடம் ஓடிப்போய் என்ன சொன்னார்கள் என்று அந்தப் பழைய சிங்கள வரலாற்று நூல் எழுதி வைத்திருக்கிறது. வெள்ளைத் தோல், நல்ல வடிவான ஆட்கள். இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள், அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கல்லைக் கடித்துத் தின்கிறார்கள், இரத்தம் குடிக்கிறார்கள். ஒரு மீனுக்கும் ஒரு தேசிக்காய்க்கும் இரண்டு மூன்று பொற்காசு நீட்டுகிறார்கள்.

கல் என்றது பாணை. இரத்தம் என்றது வைனை. பாண் என்ற சொல்லே அந்தக் கப்பலில் வந்து இறங்கியதுதான். கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, துவாய் எல்லாம் அதே கப்பல்காரர் விட்டுப்போன சொற்கள். அன்றைக்குக் கல்லாகத் தெரிந்தது இன்றைக்குச் சம்பலோடு வயிற்றுக்குள் போகிறது.

ராஜாவலிய உரைநடை நூல். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்த சொற்களால் பிடிக்கப் பார்க்கும் அந்தத் தவிப்புத்தான் இந்த வகைக் கவிதைகளின் உயிர். ஒரு கரையில் இருந்தவர்களும் கடலால் வந்தவர்களும் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்ட நேரத்தைப் பாடும் கவிதைகளைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு பேர் கூடி இவற்றை வாசித்து வருகிறோம். உயர்தரத்துக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஓய்வூதியம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே தட்டித் தடவிக் கண்டுபிடித்த வழி இது. வழி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே விதிதான்: வாயைப் பாருங்கள். யார் என்ன சாப்பிடுகிறார், யாருக்குப் பேச்சுக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் கையில் என்ன வேண்டும்?

ஒரு கொப்பி, இரண்டு நிறப் பென்சில். சிவப்பு, பேச்சுக்கு. நீலம், சாப்பாட்டுக்கு. புத்தகத்தில் கோடு போட மனம் வராவிட்டால் ஒளிப்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் மணிமேகலையையும் பத்துப்பாட்டையும் உரையோடு எடுக்கலாம். மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஆனால் தொடக்கத்தில் உரை இல்லாமல் இறங்கவேண்டாம். நான் அப்படி இறங்கி ஒரு மாதம் வீணாக்கினேன்.

வெளிநாட்டுக் கவிதையிலிருந்து தொடங்கவும் வேண்டாம். கொலம்பஸ், வாஸ்கோ ட காமா என்று தொடங்கினால் நாங்கள் எப்போதும் பார்க்கப்பட்டவர்கள் என்ற எண்ணம் முதலிலேயே மனதில் உட்கார்ந்துவிடும். தமிழ் அந்நியரைப் பார்த்த கதை அதற்கு 1,000 வருடத்துக்கும் முந்தியது.

இரண்டே தொடர்: முல்லைப்பாட்டு

பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு 103 அடிதான். நப்பூதனார் பாடியது. அதில் அரசனின் பாசறையில் காவல் நிற்கும் யவனர், மேற்குக் கடல் தாண்டி வந்தவர்கள், வருகிறார்கள். அவர்களை 'மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து' என்கிறார் புலவர். மெய்ப்பை என்றால் சட்டை என்று உரையில் இருக்கும். உரையை ஒரு நிமிடம் மூடிவிட்டுச் சொல்லை மட்டும் பாருங்கள். மெய், பை. உடம்பைப் போட்டு வைக்கிற பை! சட்டை போடாத ஊர்க்காரன் ஒருவன் சட்டை போட்டவனை முதலில் கண்டால் அப்படித்தான் சொல்லுவான். அந்தப் பைக்குள் அவர்கள் 'புகுந்து' வேறு இருக்கிறார்கள்.

நாலு வரி தள்ளி, உள்ளறையில் நிற்கும் மிலேச்சரைச் சொல்லும்போது 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின்' என்கிறார். நாக்கு உரைக்காது, உடம்பு உரைக்கும். கைச்சாடையால் கதைக்கிறார்கள் என்பதுதான் செய்தி. சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த 'உரையா' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். எங்கள் மொழி தெரியாதவனுக்கு நாக்கே இல்லை என்று நாங்களும் பாடியிருக்கிறோம். இது முக்கியம். பிறகு போர்த்துக்கேயக் கவிஞன் ஒருவன் இதையே செய்யும்போது நாங்கள் துள்ளிக் குதிக்காமல் இருக்க இது உதவும்.

ஒன்று மட்டும் கவனம். இவர்கள் அப்போதுதான் கரையேறியவர்கள் இல்லை, வேலைக்கு நிற்கிறவர்கள். ஆகவே இதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

சாதுவன் கதையை ஆறுதலாக வாசியுங்கள்

மணிமேகலையின் 16ஆவது காதை, ஆதிரை பிச்சையிட்ட காதை. யாழ்ப்பாணத்தாருக்கு மணிமேகலை அந்நியம் இல்லை. அதில் வரும் மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஆனால் சாதுவன் ஒதுங்கிய இடம் மணிபல்லவம் இல்லை, நாகர் வாழும் ஒரு மலைப் பக்கம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் கூட்டத்தில் முதல் நாள் அரை மணித்தியாலம் அந்தச் சண்டையிலேயே போனது.

கதை இதுதான். சூதில் எல்லாவற்றையும் தொலைத்த சாதுவன் கடல் வாணிகத்துக்குப் போகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கி, ஒரு மர நிழலில் படுத்து உறங்குகிறான். அங்கே உடையில்லாத நாகர் வருகிறார்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சை வடிவாகப் பாருங்கள். தனியே வந்திருக்கிறான், 'அளியன்', இந்த ஊனுடம்பு எங்களுக்கு உணவு என்கிறார்கள். அளியன் என்றால் பாவம், இரங்கத்தக்கவன். 'பாவம், சாப்பிடுவோம்' என்று ஒரே மூச்சில்! இங்கே சிவப்பும் நீலமும் ஒரே வரியில் விழும்.

சாதுவன் தப்புவதற்குக் காரணம் வீரம் இல்லை. அவர்களுடைய 'பாடை', அதாவது பாஷை, அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். பேச்சைக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் விலகித் தொழுது, எங்கள் குருமகனிடம் வா என்று கூட்டிப்போகிறார்கள். அந்தத் தலைவன் இருக்கும் இடத்தை, மணிமேகலையைப் பாடிய சாத்தனார் மூக்கால் எழுதுகிறார். கள்ளுப் பானை, முடை நாற்றம், வெள்ளை எலும்பு. நடுவில், பெண் கரடியோடு ஆண் கரடி இருந்தது போல அவன் தன் பெண்ணோடு இருக்கிறான்.

இந்த இடத்தில் பலர் கோபப்பட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள், கரடி இப்போது கதைக்கப்போகிறது. நீ ஏன் இங்கே வந்தாய் என்று கேட்கிறான். கடலில் பட்ட பாட்டைச் சொன்னதும் அவன் வாயிலும் அதே சொல் வருகிறது: 'வருந்தினன் அளியன்'. சாப்பாடில்லாமல் அலைந்திருக்கிறான், பாவம். ஓர் இளம் பெண்ணையும் வேண்டிய அளவு கள்ளும் ஊனும் கொடுங்கள் என்கிறான். இருபது வரிக்குள் அளியன் இரண்டு தரம். முதல் தரம் அவன் உணவு, இரண்டாம் தரம் அவன் விருந்தாளி. சொல் மாறவில்லை, அது வந்த இடம் மாறிவிட்டது. முதல் சந்திப்பைப் பாடும் கவிதை எது என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு அளியன்களைத்தான் காட்டுவேன்.

சாதுவன் வேண்டாம் என்கிறான். நாகனுக்குச் சினம் வருகிறது. பெண்டிரும் உண்டியும் இல்லாவிட்டால் இந்த உலகத்தில் மனிதருக்கு வேறு என்ன பயன், இருந்தால் காட்டு பார்ப்போம் என்கிறான். சாதுவன் மறுபிறப்பைப் பற்றிச் சொன்னதும் சிரிக்கிறான். உடம்பை விட்டு ஓடுகிற உயிர் வேறோர் இடத்தில் போய்ப் புகும் என்கிறாயே, அது எப்படிப் போகும், ஒழுங்காகச் சொல் என்று கேட்கிறான். நல்ல கேள்வி. உடம்பு இங்கே கிடக்கக் கனவில் உயிர் காவதம் காவதமாய்ப் போகிறதைப் பார்ப்பதில்லையா என்று சாதுவன் சமாளிக்கிறான். நாகன் ஒத்துக்கொள்கிறான், ஆனால் முழுதாக இல்லை. கள்ளையும் ஊனையும் விட்டால் இந்த உடம்பில் உயிர் தங்காது, எங்களுக்கு ஏற்ற மாதிரி ஓர் அறத்தைச் சொல் என்கிறான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் விலை பேசுவது போலப் பேரம் பேசுகிறான். கடைசியில், உடைந்த கப்பலில் தப்பி வருகிறவர்களைக் கொல்லாதே, மூத்துச் செத்த விலங்கைத் தவிர வேறொன்றையும் தொடாதே என்ற அளவில் பேரம் படிகிறது.

அதற்குப் பிறகு நாகன் ஒரு குவியலைக் காட்டுகிறான். வாசனை மரம், மெல்லிய துணி, பொருள். 'பண்டும் பண்டும் கலம் கவிழ் மாக்களை உண்டேம்', அவர்களுடைய பொருள் இது, எடுத்துக்கொண்டு போ என்கிறான். சூதில் தோற்று வெறுங்கையோடு போனவன் அறம் சொல்லிப் பணக்காரனாகத் திரும்புகிறான். சாத்தனார் இதைக் குறும்போடு எழுதினாரா, நேராக எழுதினாரா என்று எங்கள் விறாந்தையில் இன்னும் தீர்வில்லை. எனக்கு அதில் குறும்பு இருப்பதாகவே படுகிறது.

புத்தகத்தை மூடுமுன் ஒரு சின்ன வேலை. நாகர் தங்கள் வாயால் தலைவனைக் 'குருமகன்' என்றார்கள். அறம் கேட்டு முடிந்ததும் புலவர் தன் வாயால் அவனைச் 'சிறுமகன்' என்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவனுக்கு இவ்வளவு பேச்சைக் கொடுத்த புலவர்கூட, பெயர் வைக்கும்போது வந்தவன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

குவேனி: இரண்டு நூல்

அடுத்தது இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம், 7ஆம் அதிகாரம். பாளியில் செய்யுளாக 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் எழுந்தது. அரசியல் பேச இங்கே வரவில்லை. கவிதையாக மட்டும் பார்ப்போம். கடலால் வந்து இறங்கிய இளவரசன் விஜயனின் ஆட்கள் கரையில் ஒரு நாயைக் காண்கிறார்கள். ஊர் இருந்தால்தானே நாய் இருக்கும் என்று ஒருவன் அதன் பின்னால் போகிறான். போனால் மரத்தடியில் குவேனி என்ற பெண் இருந்து நூல் நூற்கிறாள். அவள் இயக்கி, நீ எனக்கு இரை என்கிறாள். ஆனால் அவன் கையில் கட்டிய காப்பு நூல் இருப்பதால் தின்ன முடியவில்லை.

அவள் கையில் ஒரு நூல், அவன் கையில் ஒரு நூல். கவிதையின் முடிச்சு அங்கேதான். பஞ்சை நூலாக்கத் தெரிந்தவளைத்தான் பேய் என்கிறார்கள் என்பதையும் அந்தப் படம் மறைக்காமல் காட்டிவிடுகிறது. நூற்கிற கைக்குப் பின்னால் பருத்தி இருக்கவேண்டும், பயிர் இருக்கவேண்டும், ஊர் இருக்கவேண்டும்.

நீலப் பென்சிலுக்கு இங்கே ஒரு பரிசு கிடைக்கும். குவேனி அவர்களுக்குச் சமைக்கக் கொடுக்கும் அரிசி எங்கிருந்து வந்தது? முன்பு அவள் தின்ற வணிகரின் கப்பல்களிலிருந்து. நாகன் கொடுத்த குவியலும் அப்படித்தானே வந்தது? ஒன்று பாளி, ஒன்று தமிழ், ஆனால் கரையில் இருப்பவனிடம் நல்ல பொருள் இருந்தால் அது எங்களவனைத் தின்று எடுத்ததாகத்தான் இருக்கும் என்ற ஒரே நினைப்பு. வந்தவன் அதைக் கொண்டுபோனால் திருட்டு ஆகாது, வசதி!

தேனோடு கடலைத் தாண்டுங்கள்

இனிமேல் போர்த்துக்கேயப் பக்கம் போகலாம். போகுமுன் கம்பனில் குகனை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேனும் மீனும் கொண்டுவந்தேன், உங்கள் மனம் என்ன என்று வேடன் கேட்கிறான். இராமன் முதிய முனிவர்களைப் பார்த்து முறுவலித்துவிட்டு, அன்போடு கொண்டுவந்தது அமுதிலும் உயர்ந்தது, 'நாமும் உண்டனெம் அன்றோ' என்கிறான். சாப்பிட்ட மாதிரித்தானே என்கிறான், சாப்பிடவில்லை. எங்கள் ஊரில் கலியாண வீட்டில் சாப்பிடாமல் நழுவுகிறவர்கள் சொல்லும் அதே இனிமை. தேனை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்த்துக்கேயக் கவிஞன் கமொயன்ஷ் எழுதிய 'ஊஸ் லுசியாதஷ்' 1572இல் அச்சானது. 10 காண்டம், 1,102 பாடல், ஒவ்வொன்றும் எட்டடி. வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த பயணம்தான் கதை. முதல் பாடலிலேயே தப்ரபேனைத் தாண்டிப் போனவர்கள் என்று இலங்கையின் பழைய பெயர் வந்துவிடும். பத்தாம் காண்டத்தில் சூடும் வாசமும் உள்ள பட்டை, அதாவது கறுவா, கப்பமாகக் கட்டப்படும் என்றும் கொழும்பில் போர்த்துக்கேயக் கொடி பறக்கும் என்றும் வருகிறது. நூல் முழுவதையும் வாசிக்கவேண்டாம். ஆங்கில மொழிபெயர்ப்புகள் 1655 முதல் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டை எடுத்து ஐந்தாம் காண்டத்தின் 27 முதல் 36 வரையான பாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் 'அந்நியன்' என்ற இடத்தில் இன்னொருவர் 'காட்டுமிராண்டி' என்பார். அந்த இடைவெளியிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

அந்தப் பாடல்களில் காமாவே கதை சொல்கிறான். ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரை. மலையில் தேனடை எடுத்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பு மனிதனை அவன் ஆட்கள் வலுக்கட்டாயமாகப் பிடித்து வருகிறார்கள். பாருங்கள், தேன். குகன் தானாகக் கொண்டுவந்தான். இவனைத் தேன் எடுக்கும்போது பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவன் எங்களை விளங்கிக்கொள்ளவில்லை, நாங்களும் அவனை விளங்கிக்கொள்ளவில்லை என்கிறான் காமா. அந்த ஓர் அடி நேர்மையானது. அடுத்த மூச்சிலேயே அவன் பொலிபீமஸை விட முரடன் என்று வந்துவிடுகிறது. பொலிபீமஸ் கிரேக்கக் கதையில் மனிதரைத் தின்னும் ஒற்றைக்கண் அரக்கன். மறுபடியும் வாய்!

பிறகு பொருட்களைக் காட்டிப் பார்க்கிறார்கள். பொன்னைக் காட்டினார்கள், வெள்ளியைக் காட்டினார்கள், வாசனைச் சரக்கைக் காட்டினார்கள், அவன் அசையவில்லை. பளிங்கு மணியும் கிலுங்கும் சின்னச் சதங்கையும் சிவப்புத் தொப்பியும் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டதாம். சிவப்புத் தொப்பியைக் கண்டதும் வட்டம் போடுங்கள். 1492இல் கொலம்பஸின் குறிப்பேட்டிலும் முதல் நாள் கொடுத்தது சிவப்புத் தொப்பியும் கண்ணாடி மணியும்தான். இது கண்டதைச் சொல்வதா, இப்படித்தான் சொல்லவேண்டும் என்று வந்த பழக்கமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும். ராஜாவலியக்காரன் எழுதியதையும் திரும்பிப் பாருங்கள்: ஒரு தேசிக்காய்க்குப் பொற்காசு கொடுக்கிறார்கள்! விலை தெரியாத மடையன் என்று ஒவ்வொரு கரையும் மற்றக் கரையைச் சொல்லியிருக்கிறது.

அந்தத் தேன் மனிதனுக்குக் கமொயன்ஷ் ஒரு சொல்கூடக் கொடுக்கவில்லை. சிவப்புப் பென்சிலுக்கு வேலையே இல்லை. ஆனால் வெலோசு என்ற மாலுமி துணிச்சலாக ஊருக்குள் போய்விட்டுக் கல்லடி விழ ஓடிவரும்போது, அந்த மேடு ஏறுவதை விட இறங்குவதுதான் சுகம் போல என்று கூட்டாளி ஒருவன் பகிடி விடுகிறான். பகிடிக்கு நாலு அடி கொடுக்கக் கவிஞனிடம் இடம் இருந்திருக்கிறது.

ஸ்பானியப் படைவீரன் எர்சில்யாவை இங்கே ஒரு பேச்சுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். சிலி நாட்டு மப்புச்சே மக்களோடு சண்டை பிடித்துவிட்டு, 'லா அரவுக்கானா' என்ற காவியத்தை 1569, 1578, 1589 என மூன்று பகுதியாக வெளியிட்டான். எதிரித் தலைவர்களுக்கு நீள நீளமாகப் பேச்சுக் கொடுத்தான். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் ரோமாபுரிச் சபையில் நிற்பவர்கள் போல ஸ்பானியத்தில் முழங்குகிறார்கள். நாக்குக் கிடைத்தது, அது அவர்களுடைய நாக்கு இல்லை.

ஆளே இல்லாத இடம்

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் 14 அடிக் கவிதை ஒன்று உண்டு, 1816இல் எழுதியது. ஹோமரை நல்ல மொழிபெயர்ப்பில் முதலில் வாசித்த மகிழ்ச்சியைச் சொல்ல, பசிபிக்கை முதலில் கண்டவர்களை உவமையாக்குகிறார். கழுகுக் கண்ணோடு கோர்த்தேஸ் நிற்கிறான், ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் திகைக்கிறார்கள், மலையுச்சியில் மௌனம். அங்கே 1513இல் நின்றது கோர்த்தேஸ் இல்லை, பல்போவா என்று ஆசிரியர்கள் உடனே திருத்துவார்கள். நானும் ஒருகாலத்தில் அந்தத் திருத்தத்தைச் சொல்லிவிட்டுப் பெருமையோடு பாடத்தை முடித்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த மலைக்கு வழி காட்டியவர்கள் எங்கே? அந்தக் கடலில் மீன் பிடித்தவர்கள் எங்கே? கவிதையில் கண் இருக்கிறது, வாய் இல்லை. இரண்டு பென்சிலும் சும்மா கிடந்தால் அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

இதே கேள்வியை வீட்டுக்குள்ளும் கேட்கவேண்டும். யாழ் வாசித்துப் பரிசாக மணற்றிடரைப் பெற்ற பாணனால் யாழ்ப்பாணம் என்ற பெயர் வந்தது என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். மணற்றிடர் வெறும் மணலாக இருந்ததா, அங்கே யாராவது இருந்தார்களா? அடுத்தவன் கப்பலைப் பற்றி என்றால் கெதியாகக் கேட்டுவிடுகிறோம். எங்கள் சொந்தக் குடியேற்றக் கதைகளில் அந்தக் கேள்வி தொண்டைக்குள் நின்றுவிடுகிறது.

நாளும் ஆளும்

ஒவ்வொரு கவிதைக்கும் கொப்பியின் மூலையில் இரண்டு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எத்தனை வருடம், எழுதச் சொன்னது யார்? காமாவின் பயணத்துக்கும் கமொயன்ஷின் அச்சுக்கும் நடுவில் 74 வருடம். எங்கள் ஊரை எடுத்தால் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், 1560இல் நல்லூரைத் தாக்கினார்கள், 1619இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனைப் பிடித்து இராச்சியத்தை முடித்தார்கள். அந்தக் கதையை எங்கள் பக்கத்திலிருந்து சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையை மாதகல் மயில்வாகனப் புலவர் 1736 அளவில், அதுவும் உரைநடையில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக எழுதினார். முதல் வந்தவனைப் பற்றி இரண்டாவது வந்தவனுக்குச் சொன்ன கதை அது. பறங்கியரைத் திட்டும் இடங்களை வாசிக்கும்போது, ஒல்லாந்தரும் அவர்களுக்கு எதிரிதானே என்பதை மறக்கவேண்டாம்.

பிந்திய குரல் ஒன்று

ஊட்ஜெரு நூனக்கல் என்ற அவுஸ்திரேலியப் பழங்குடிப் பெண் கவிஞரின் 'நாங்கள் போகிறோம்' 1964இல் புத்தகமாக வந்தது. அந்தச் சமூகத்திலிருந்து வந்த முதல் கவிதை நூல் அதுதான். தலைப்புக் கவிதையில், எஞ்சியிருக்கும் சிலர் ஒரு சிறு நகரத்துக்குள் மௌனமாக வருகிறார்கள். தங்கள் சடங்கு வட்டம் இருந்த இடத்தைத் தேடி வருகிறார்கள். அங்கே குப்பை கொட்டலாம் என்று பலகை போட்டிருக்கிறது. முதல் பகுதியில் அவர்கள் 'அவர்கள்'. நடுவில் சட்டென்று 'நாங்கள்' ஆகிவிடுகிறது. நாங்கள் இங்கே இப்போது அந்நியர் போல, ஆனால் அந்நியர் வெள்ளைக் கூட்டம்தான் என்கிறது அந்தக் குரல். சிவப்புப் பென்சில் அதற்குப் பிறகு கடைசி வரை நிற்காது. இந்தக் கவிதைக்கு விளக்கம் எழுதுவதை விட இரண்டு தரம் சத்தமாக வாசிப்பது நல்லது.

எழுதிப் பாருங்கள்

வாசித்தது உடம்பில் சேரவேண்டுமென்றால் எட்டு வரி எழுதவேண்டும். வீட்டுக்குள் இருக்கும் ஒரு பறங்கிச் சொல்லை எடுங்கள். கதிரை, யன்னல், சப்பாத்து, பாண், ஏதாவது ஒன்று. அந்தப் பொருளை முதன்முதலாகக் காணும் நல்லூர்க்காரராக நின்று எழுதுங்கள். அதன் பெயரைச் சொல்லக்கூடாது. மெய்ப்பை என்று சொன்ன புலவரைப் போல, கையில் இருக்கிற சொற்களை வைத்தே பிடிக்கவேண்டும்.

முதல் தரம் எல்லோரும் ஒரே பிழையை விட்டார்கள். கரையில் நின்றவர் எல்லாம் தெரிந்த ஞானியாகி, வரப்போகும் 400 வருடத்தையும் முன்கூட்டியே பார்த்துப் புலம்பினார். கப்பலைக் கண்டவனுக்கு வரலாறு தெரியாது. அவன் கண்ணுக்கு முன்னால் தெரிவது இரும்புத் தொப்பியும் வேர்வையும்தான். தேசிக்காய்க்குக் காசு கூடக் கிடைக்கிறதே என்ற சந்தோஷம்கூட இருந்திருக்கும். அதை எழுதவேண்டும்.

இரண்டாம் தரம் ஒரு பெடியன் யன்னலைப் பற்றி எழுதினான்: 'சுவரில் ஒரு காயம், ஆறவிடாமல் கதவு போட்டு வைத்திருக்கிறார்கள்.' சப்பாத்தை எடுத்த பிள்ளை இப்படி முடித்திருந்தாள்: 'இரண்டு காலையும் தோலுக்குள் புதைத்துத்தான் நடக்கிறார்கள். மண்ணோடு என்ன கோபமோ.' கடைசி வரி வேண்டாம், முதல் வரியே போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. எங்கள் அம்மம்மாவும், சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்த ஒருவரைப் பார்த்து ஏறக்குறைய அதைத்தான் கேட்டா என்று பிறகு நினைவு வந்தது. விட்டுவிட்டேன்.

இப்போது மறுபக்கத்து எட்டு வரிக்கு வந்திருக்கிறோம். கப்பலின் மேல்தட்டில் நிற்கும் மாலுமி, முதன்முதலாக எங்கள் கரையைக் காண்கிறான். பனை என்ற சொல் அவனிடம் இல்லை. அந்த மரத்தை என்னவென்று எழுதுவது என்பதிலேயே மூன்று ஞாயிறாக எல்லோரும் நிற்கிறார்கள்.